தோட்டத்து இருக்கைகள்: வெயிலும் மழையும் கற்றுத்தந்தவை

என் தோட்டத்துக்கு நான் முதன்முதலில் வாங்கிய மரப் பெஞ்சு, மூன்றாம் ஆண்டு மழைக்காலம் முடிந்த சில நாட்களில், நாங்கள் இருவர் உட்கார்ந்திருந்தபோதே ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் வெளிப்பார்வைக்கு அந்தப் பெஞ்சில் ஒரு குறையும் தெரியாதிருந்ததால், அது ஏன் விழுந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. விறகுக்குப் போட மனமில்லாமல், அதை ஒரு கைரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தோட்டத்துக்கான இருக்கைகளைப் பற்றி இன்று நான் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு மாலையில் தொடங்கியதுதான்.

பின்னங்கால்கள் தரையைத் தொடும் முனையிலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. உயரம்வரை மரம் கரும்பழுப்பாக மாறி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சிறு கட்டங்களாகப் பிரிந்திருந்தது. விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தது. அதே காலை ஒரு சாண் மேலே அறுத்தபோது ரம்பத்திலிருந்து விழுந்த தூளில் புதுமரத்தின் வாசனை அப்படியே இருந்தது. கைப்பிடியும் காலும் சேரும் இணைப்பைப் பிரித்தால் உள்ளே ஈரமும் கருமையும் தென்பட்டன. உட்காரும் பலகைகள் குறுக்குச்சட்டத்தின் மீது தட்டையாகப் படிந்திருந்த இடங்களிலும் அதே நிலை. ஆனால் மழையையும் வெயிலையும் நேராக வாங்கிய பலகைகளின் நடுப்பகுதி, வார்னிஷ் உரிந்திருந்தாலும், கல்போல உறுதியாக இருந்தது. அதிகம் நனைந்த இடம் நன்றாக இருக்க, மழைத்துளி நேராகப் படாத இடங்கள் மக்கியிருந்தன.

இதன் காரணம் எளியது. மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் அதன் உலர்ந்த எடையில் சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் வளர இயலாது. திறந்த பரப்பு மழையில் நனைந்தாலும் சில மணி நேரத்தில் காற்றில் உலர்ந்துவிடுகிறது. இரண்டு பரப்புகள் ஒட்டிக்கிடக்கும் இடுக்கில் இறங்கிய நீர் வாரக்கணக்கில் அங்கேயே தங்குகிறது. அதைவிட மோசமானது மரத்தின் வெட்டுமுனை. உயிரோடு இருந்த காலத்தில் வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசென்ற நுண்குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன; பலகையின் பரப்பைக் காட்டிலும் பல மடங்கு வேகமாக அந்த முனை நீரை உறிஞ்சும். என் பெஞ்சின் கால்கள் ஈரத்தரையில் நின்று மூன்று ஆண்டுகள் நீரைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. ஆகவே ஓர் இருக்கை எவ்வளவு நனைகிறது என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். நனைந்தபின் அதன் ஒவ்வொரு மூலையும் எவ்வளவு விரைவாக உலரும் என்பதையே இப்போது பார்க்கிறேன். மரமானாலும் இரும்பானாலும் மெத்தையானாலும் இந்தக் கேள்வி ஒன்றுதான்.

அறுத்த துண்டுகளை அனுபவம் மிக்க ஒரு தச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் காலின் குறுக்குவெட்டைத் துணியால் துடைத்துவிட்டு, ஓரமாக ஓடிய வெளிறிய பட்டை ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினார். “தம்பி, இது வெள்ளை. எந்த மரமானாலும் வெள்ளை நிற்காது. வைரம் பாய்ந்த பகுதியை மட்டும்தான் வெளியில் வைக்க வேண்டும்” என்றார். “தேக்கு என்று சொல்லித்தானே ஐயா கொடுத்தார்கள்” என்றேன். “தேக்குதான். ஆனால் தேக்கிலும் வெள்ளை உண்டு” என்றார்.

வெள்ளை என்பது மரத்தின் வெளிப்புறத்தை ஒட்டிய வெளிறிய பகுதி; வைரம் என்பது நடுவில் முதிர்ந்து கெட்டிப்பட்ட பகுதி. இந்த வேறுபாட்டை அறியாமல்தான் பலர் மரத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். ஐரோப்பிய தரநிலையான இ.என். 350, மரவகைகளின் இயற்கையான தாங்கும் திறனை ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்துகிறது. ஒன்று என்பது மிக உறுதியானது, ஐந்து என்பது எளிதில் மக்குவது. இயற்கைக் காட்டில் முதிர்ந்த தேக்கு முதல் வகுப்பிலும், ஐரோப்பிய ஓக் இரண்டு முதல் நான்கு வரையான வகுப்புகளிலும், பீச் மரம் ஐந்தாம் வகுப்பிலும் வருகின்றன. ஆனால் இந்த வகைப்பாடு முழுவதும் வைரப் பகுதிக்கே பொருந்தும்; வெள்ளைப் பகுதி எந்த மரத்திலும் ஐந்தாம் வகுப்பாகவே கொள்ளப்பட வேண்டியது. தோட்டங்களில் வளர்த்து இளம்வயதிலேயே வெட்டப்படும் தேக்கில் வெள்ளையின் பங்கு அதிகம். வைரமும் முதிர்ந்த மரத்தின் உறுதியை எட்டியிருக்காமல் போகலாம். எனவே கடையில் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சாயம் படாத அடிப்பகுதியையும் வெட்டுமுனைகளையும் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. ஒரே சட்டத்தில் ஒருபக்கம் பொன்பழுப்பாகவும் மறுபக்கம் வெளிறிய மஞ்சளாகவும் இருந்தால் அந்த வெளிறிய பக்கம் சில ஆண்டுகளில் போய்விடும். முழுவதும் அடர்ந்த சாயம் ஏற்றப்பட்டு, அடிப்பகுதிகூட கண்ணில் படாதபடி மூடப்பட்டிருந்தால் நான் வாங்குவதில்லை. மரம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு முக்கியம். 1993இல் தொடங்கப்பட்ட காட்டுப் பொறுப்பாண்மைக் குழுவின் எஃப்.எஸ்.சி. முத்திரை, மரம் பொறுப்போடு நிர்வகிக்கப்படும் காட்டிலிருந்து வந்ததா என்று அறிய ஒரு வழியைத் தருகிறது. பழைய கட்டடங்களிலிருந்து பிரித்தெடுத்த மரம் அதைவிட நல்லது. என் இரண்டாவது பெஞ்சை அப்படிப்பட்ட உத்தரக் கட்டைகளிலிருந்துதான் செய்வித்தேன். அவற்றில் ஆணித்துளைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் பல பத்தாண்டுகளாக உலர்ந்து, வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடிந்த மரம் அது.

அந்த இரண்டாவது பெஞ்சின் வரைபடத்தை நானும் தச்சரும் சேர்ந்து போட்டோம். வரைபடத்தில் ஒரு கோடு போடும்போதெல்லாம், அந்த இடத்தில் விழும் மழைத்துளி எந்த வழியாக வெளியேறும் என்று கேட்டுக்கொண்டோம். உட்காரும் பகுதிக்கு அகலப் பலகையைத் தவிர்த்து, 6 செ.மீ. அகலமும் 22 மி.மீ. தடிமனும் கொண்ட ரீப்பர்களை 6 மி.மீ. இடைவெளி விட்டு அமைத்தோம். இடைவெளி இதைவிடக் குறைந்தால் மழைநாளில் மரம் உப்பும்போது அது மூடிக்கொள்ளும், சருகுகளும் அடைத்துக்கொள்ளும், 10 மி.மீ.ஐத் தாண்டினால் உட்காருபவரின் தொடையில் உறுத்தும். ஒவ்வொரு ரீப்பரின் மேற்பரப்பையும் இழைப்புளியால் நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் இழைத்தார். கண்ணுக்குத் தெரியாத அளவு மேடுதான்; ஆனால் அதன்மேல் ஒரு துளி நீரை விட்டால் அது நிற்காமல் ஓரத்துக்கு ஓடிவிடும். கூரிய விளிம்புகள் எல்லாவற்றையும் 3 மி.மீ. அளவுக்கு உருட்டிவிட்டோம். உடம்புக்கு இதம் என்பது ஒருபுறமிருக்க, கூரிய விளிம்பில் எந்தப் பூச்சும் மெலிதாகவே படியும், அங்கிருந்துதான் முதலில் உரியத் தொடங்கும்.

ரீப்பர்கள் குறுக்குச்சட்டத்தின்மீது நேராகப் படியாதபடி, ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் 3 மி.மீ. தடிமனுள்ள நைலான் வாஷர் ஒன்றை இடையில் வைத்தோம். முதல் பெஞ்சு மக்கிய இடமே இது. இப்போது அந்த இடுக்கில் காற்று போய்வருகிறது. திருகாணிகளை மேலிருந்து முடுக்காமல் கீழிருந்து முடுக்கினோம். மேலே துளை இல்லையென்றால் நீர் இறங்க வழியில்லை. திருகாணியின் உலோகத்திலும் கவனம் வேண்டும். ஓக் போன்ற மரங்களில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் சாதாரண இரும்போடு வினைபுரிந்து, ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மை ஊற்றியதுபோல் கருங்கறை படியச் செய்யும். பிறகு இரும்பும் அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளைத் திருகாணிகளைத் தவிர வேறெதையும் வெளிப்புற மரவேலையில் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மொத்தச் செலவில் திருகாணியின் பங்கு மிகச் சிறியது. இருக்கையின் ஆயுளில் அதன் பங்கு பெரியது.

கால்களும் சட்டங்களும் சேரும் இடங்களில் திருகாணியை நம்பவில்லை. ஒரு கட்டையின் முனையை நாக்குபோல் செதுக்கி, மற்றதில் உளியால் பொளித்த துளைக்குள் இறக்கி, குறுக்கே ஒரு மரமுளையை அடித்து இறுக்கும் பழைய முறையையே தச்சர் பின்பற்றினார். நாக்கின் துளையை ஒரு மி.மீ. அளவுக்கு உள்தள்ளிப் போட்டிருந்ததால், முளை இறங்க இறங்க இணைப்பு தானாகவே இறுகியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பசை பின்னாளில் தோற்றாலும் இந்த இணைப்பு நிற்கும். பசையும் நீர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். தேக்கில் இயற்கை எண்ணெய் இருப்பதால், பசை தடவும் முன் ஒட்டும் பரப்புகளை அசிட்டோன் நனைத்த துணியால் அவர் துடைத்துக்கொண்டார். அப்படித் துடைக்காமல் ஒட்டிய தேக்கு இணைப்புகள் சில பருவங்களிலேயே விட்டுப்போனதை அவர் பலமுறை கண்டிருக்கிறாராம்.

பெஞ்சோடு சேர்த்து ஒரு மேசையும் செய்தோம். அங்கே நான் கேட்ட வடிவம் தவறானது. இடைவெளியே இல்லாத, ஒரே பலகைபோல் தோன்றும் 90 செ.மீ. அகல மேற்பரப்பு வேண்டும் என்றேன். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, ஆனால் அகலவாக்கில் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும். அவ்வளவு அகலத்தில் அந்த மாற்றம் ஒரு செ.மீ. அளவுக்கு வரலாம் என்று அவர் விளக்கினார். அதைச் சட்டத்தோடு இறுக்கிப் பிணைத்தால் பலகை வெடிக்கும், அல்லது சட்டம் பிரியும். ஆகவே மேசையும் ரீப்பர்களால் ஆனதாகவே அமைந்தது. வீட்டுக்குள் அழகாக இருக்கும் ஒரு வடிவம் வெளியில் நிலைக்காது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள எனக்குக் கடினமாகத்தான் இருந்தது.

கால்களின் முனைகளுக்கு நாங்கள் செய்தது சிறிய வேலைதான். வெட்டுமுனைகளைக் கவிழ்த்து நிறுத்தி, நீர்த்த எப்பாக்ஸி பிசினை மரம் குடிக்கக் குடிக்க மூன்று முறை தடவினோம். முதல் முறை தடவியது சில நிமிடங்களில் மாயமாகிவிட்டது. அந்த முனை எவ்வளவு உறிஞ்சும் என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன். பிறகு ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு செ.மீ. உயரமுள்ள கெட்டியான நைலான் குமிழைப் பொருத்தி, குமிழுக்குக் கீழே தட்டைக்கல் ஒன்றைப் பதித்தோம். மண்ணிலோ புல்லிலோ மரக்கால் நேராக நிற்கக் கூடாது.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்தோம். இதைக் கடையில் வாங்கும் எந்த இருக்கைக்கும் வீட்டில் செய்துபார்க்கலாம். பூவாளியால் பெஞ்சு முழுவதும் நீரை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து எங்கெல்லாம் நீர் நிற்கிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்தோம். பிறகு இரண்டு மணி நேரம் கழித்து, மெல்லிய காகிதத்தை ஒவ்வோர் இணைப்பின் இடுக்கிலும் செருகி எடுத்தோம். கைப்பிடியின் பின்முனை காலோடு சேரும் இடத்தில் மட்டும் காகிதம் நனைந்து வந்தது. அந்த இடத்தில் நீர் ஓட ஒரு சிறு காடி வெட்டியபின் மறுநாள் மீண்டும் ஊற்றிப் பார்த்தபோது காகிதம் உலர்ந்தே வந்தது.

இரும்பு நாற்காலிகளின் கதையும் இதேதான். இரும்புக் குழாயால் ஆன நான்கு நாற்காலிகள் என்னிடம் இருந்தன. பவுடர் கோட்டிங் பூச்சு, கண்ணைக் கவரும் பச்சை நிறம். ஒன்றைத் தூக்கியபோது உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டது. காலின் அடிப்பகுதியில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டேன். துருநிற நீர் பீய்ச்சிக்கொண்டு வந்து, பக்கத்தில் வைத்திருந்த கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்பியது. குழாயின் மேல்முனையில் முழுமையாக அடைபடாத வெல்டிங் வழியாக மழைநீர் துளித்துளியாக இறங்கி, வெளியேற வழியின்றித் தேங்கி, குழாயை உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது. பச்சைப் பூச்சுக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உறைபனி விழும் நாடுகளில் இப்படித் தேங்கிய நீர் பனிக்கட்டியாக விரிந்து குழாயையே பிளந்துவிடும். அன்றிலிருந்து எந்தக் குழாய் நாற்காலியை வாங்கினாலும், மிகத் தாழ்ந்த இடத்தில் வடிதுளை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். இல்லையென்றால் நானே போட்டு, துளையின் விளிம்பில் துத்தநாகம் கலந்த பிரைமரைத் தடவிவிடுகிறேன்.

இரும்புக்கு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு சிறந்த காவல். ஏனெனில் ஒரு கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு, அடியிலுள்ள இரும்பைக் காக்கிறது. பவுடர் கோட்டிங் மட்டும் இருந்தால் அந்தக் காவல் கிடையாது. ஒரு கீறலின் வழியே புகுந்த துரு பூச்சுக்கு அடியில் படர்ந்து, அதைப் பட்டை பட்டையாகத் தூக்கிவிடும். துத்தநாகப் பூச்சின்மேல் பவுடர் கோட்டிங் என்பதுதான் நல்ல இணை. ஆனால் பூச்சுக்குப் பின் வெட்டினாலும் வெல்டிங் செய்தாலும் அந்த இடம் வெறும் இரும்புதான் என்பதை மறக்கக் கூடாது.

கடற்கரைக் காற்று இதைவிடக் கடுமையானது. அமெரிக்க வடிவமைப்பாளர் ஃப்ளோரன்ஸ் நால், ஃப்ளோரிடாவில் உள்ள தம் வீட்டில் வெளியில் வைத்திருந்த இருக்கைகள் உப்புக்காற்றில் அரித்துப்போவதைக் கண்டு, உப்பைத் தாங்கும் இருக்கைகளை உருவாக்குமாறு மற்றொரு வடிவமைப்பாளரான ரிச்சர்ட் ஷுல்ட்ஸிடம் கேட்டார். அதிலிருந்து பிறந்து 1966இல் வெளிவந்த அலுமினிய இருக்கைத் தொகுதி அந்த ஆண்டின் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் தானே போர்த்திக்கொள்ளும். இரும்பின் துருவைப் போல் அது உதிராது. இருந்தாலும் அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை நேராக முடுக்கினால், உப்புநீர் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, திருகாணியைச் சுற்றியுள்ள அலுமினியம் வெண்பொடியாகும். இடையில் ஒரு நைலான் வாஷரும் குழலும் இட்டால் இது நிற்கும். துருப்பிடிக்காத எஃகிலும் இரண்டு வகை பழக்கத்தில் உண்டு. சாதாரண இடங்களுக்கு 304 போதும். கடலோரத்திலும் நீச்சல்குளத்தின் அருகிலும் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316தான் ஏற்றது. அலுமினியமோ எஃகோ, உச்சிவெயிலில் அடர்நிறம் பூசியதாக நின்றால் கை வைக்க முடியாது. உடல் படும் இடங்களில் மட்டும் மர ரீப்பர் அமைந்த உலோகச் சட்ட இருக்கையே என் தேர்வு.

நிலைத்து நிற்பதைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்த நான், உட்காருபவரை மறந்த ஒரு காலமும் உண்டு. 1903இல் தாமஸ் லீ என்பவர் அமெரிக்காவின் வெஸ்ட்போர்ட் என்னும் ஊரில் தம் கோடைக்கால வீட்டுக்காக வடிவமைத்த சாய்நாற்காலியிலிருந்து வளர்ந்ததுதான், அடிரோண்டாக் நாற்காலி என்று உலகெங்கும் அறியப்படும் வடிவம். அகலமான கைப்பிடிகள், தாழ்ந்து பின்னோக்கிச் சரியும் இருக்கை, சாய்ந்த முதுகு. சில பலகைகளும் திருகாணிகளும் இருந்தால் எவரும் செய்துவிடக்கூடிய எளிமை. நான் ஆசையோடு ஒன்றைச் செய்து அம்மாவை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தபோது முகம் மலர்ந்தது; எழ முயன்றபோது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இரண்டு கைகளையும் ஊன்றி, முன்னுக்கு நகர்ந்து நகர்ந்து, இறுதியில் என் தோளைப் பற்றிக்கொண்டுதான் எழுந்தார். அதன்பின் அவர் அந்த நாற்காலிப் பக்கமே போகவில்லை.

அதனால் பெஞ்சுக்கு அளவெடுக்கும் முன், செங்கற்களையும் பலகைகளையும் அடுக்கி, அம்மாவைப் பல உயரங்களில் உட்காரவைத்து எழுப்பிப் பார்த்தேன். இருக்கையின் முன்விளிம்பு 45 செ.மீ. உயரத்தில் அவருக்கு எளிதாக இருந்தது. கைப்பிடி இருக்கையிலிருந்து 22 செ.மீ. மேலே, முன்விளிம்பு வரை நீண்டிருந்தால் எழும்போது ஊன்றிக்கொள்ள முடிந்தது. அதைவிடக் குறுகிய கைப்பிடி அழகாக இருந்தாலும் பயன்படவில்லை. ஆழம் 43 செ.மீ.க்கு மேல் போனால் முதுகு சாயமுடியாமல் தலையணை தேடினார். இருக்கை பின்னோக்கி மிகச் சிறிதளவே சரிய வேண்டும். முதுகுச் சாய்வு இருக்கையோடு சுமார் 100 பாகை இருந்தால் பேசிக்கொண்டிருக்கவும் ஓய்வெடுக்கவும் பொருந்தும். எழும்போது குதிகாலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள இருக்கையின் அடியில் இடம் வேண்டும் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்; முன்பக்கக் குறுக்குச்சட்டத்தைத் தாழ்வாக அமைத்திருந்தால் அது காலைத் தடுத்திருக்கும். மேசைக்கு 74 செ.மீ. உயரமும், ஆளுக்கு 60 செ.மீ. அகலமும், நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்து எழ 80 செ.மீ.யும் விட்டோம். இந்த எண்கள் எல்லா வீட்டுக்கும் அப்படியே பொருந்தா. உட்காரப்போகிறவர்களை உட்காரவைத்து அளந்துகொள்ள வேண்டும்.

பூச்சைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். வெளிப்புற மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம் என்பதே என் பதில். வார்னிஷ் மரத்தின்மேல் ஒரு தோலாகப் படிகிறது. மரம் விரிந்து சுருங்க, வெயிலில் கெட்டிப்பட்ட அந்தத் தோல் அதனோடு அசைய முடியாமல் மயிரிழை அளவு வெடிக்கிறது. வெடிப்பின் வழியே நீர் உள்ளே போகும். மிச்சமிருக்கும் தோல் அதை வெளியே விடாது. பழுதுபார்க்க வேண்டுமானால் முழுவதையும் சுரண்டியெடுத்தாக வேண்டும். மரத்துக்குள் இறங்கும் எண்ணெய் அல்லது சாயம் கலந்த பூச்சு உரிவதில்லை. மங்கிப்போகும், அவ்வளவுதான், கழுவி உலரவைத்து மறுபடி தடவலாம். ஆளிவிதை எண்ணெயைத் தனியாகப் பயன்படுத்தினால் ஈரமான இடங்களில் அது பூஞ்சைக்கே உணவாகிக் கரும்புள்ளிகள் தோன்றும். எனக்கு அப்படி நேர்ந்தது. நீக்க இரண்டு வாரம் ஆயிற்று.

எண்ணெய் வேலை செய்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்கள் காற்றோடு வினைபுரியும்போது வெப்பம் வெளியாகிறது. அந்த எண்ணெயில் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குவித்துவைத்தால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சியே இல்லாமல் தானாகத் தீப்பற்றக்கூடும். ஒருமுறை வேலை முடிந்து ஒரு வாளியில் போட்டுவைத்த துணிகளை ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டபோது அடுப்பருகே வைத்ததுபோல் சூடாக இருந்தன. அன்று அவற்றை உடனே நீரில் அமிழ்த்தினேன். இப்போது துணிகளைத் திறந்தவெளியில் ஒற்றையாக விரித்துக் காயவைக்கிறேன், அல்லது நீர் நிரம்பிய மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் போடுகிறேன்.

நல்ல தேக்குக்குப் பூச்சே தேவையில்லை. வெயிலின் புறஊதாக்கதிர் மரத்தின் மேற்பரப்பிலுள்ள, மரநார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்க, மழை அதைக் கழுவிச்செல்ல, மரம் சாம்பல்வெள்ளி நிறமாகிறது. அந்த நிறம் மிக மெல்லிய மேற்பரப்பில் மட்டுமே. உள்ளே மரம் பழையபடி இருக்கும். நிறம் மாறியதும் மரம் கெட்டுவிட்டதென்று பயந்து பலர் பூச்சு வாங்க ஓடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான சோப்புநீர், ரேகையின் போக்கிலேயே தேய்த்தல், இவை போதும். வேகமாக நீரைப் பீய்ச்சும் இயந்திரத்தைக் காட்டாதீர்கள். அது ரேகைகளுக்கிடையே உள்ள மென்பகுதியைப் பெயர்த்தெடுத்து, பரப்பை மேடுபள்ளமாக்கி, நீர் தங்க ஆயிரம் இடம் செய்துவிடும்.

மெத்தைகளில் துணியின் சாயம் எப்படி ஏறியது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நூலாக நூற்றபின் சாயத்தில் முக்கியது வெயிலில் விரைவில் வெளுக்கும். இழையாக இழுக்கும் முன்பே கரைசலில் நிறம் கலந்த அக்ரிலிக் நூல், சாயத்தோடே பிறந்தது என்பதால் பல ஆண்டுகள் நிற்கும். உள்ளே சாதாரண ஃபோம் இருந்தால் அது ஊறிய நீரை விடாது. நீர் நேராக வடிந்துவிடும் பெருந்துளை ஃபோம் தனியாகக் கிடைக்கிறது. செங்குத்தாக நிறுத்தினால் சீக்கிரம் காய்ந்துவிடும். பிரம்பு நாற்காலி கூரைக்கு உள்ளே மட்டும்தான். வெளியில் வைக்கப் பிரம்புபோல் தோன்றும் பிளாஸ்டிக் பின்னல் வேண்டுமென்றால், புறஊதாக்கதிரைத் தாங்கும் சேர்மானம் கலந்த பாலிஎத்திலீன் பின்னலா என்று பாருங்கள், மலிவான பி.வி.சி. பின்னல் வெயிலில் நொறுங்கும். பின்னலுக்கு உள்ளே மறைந்திருக்கும் சட்டம் இரும்பா அலுமினியமா என்பதைக் காந்தம் ஒன்றை வைத்தே அறிந்துவிடலாம்.

மூடும் உறையில்தான் நல்லெண்ணத்தோடு பலர் கெடுதல் செய்துவிடுகிறார்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் தாளால் நாற்காலியைத் தரைவரை இறுக்கி மூடினால், மண்ணிலிருந்து எழும் ஈரம் உள்ளே வியர்த்து, மழையில் கிடந்திருந்தால்கூட வந்திராத பூசணம் வந்துவிடும். உறை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும், பக்கவாட்டில் காற்றுவழி இருக்க வேண்டும், நடுவில் நீர் தேங்காதபடி உள்ளே ஏதேனும் ஒன்றால் கூடாரம்போல் தூக்கிவிட வேண்டும். நனைந்த இருக்கையை உலரவிட்ட பிறகே மூட வேண்டும்.

பெஞ்சு செய்து இப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கொரு முறை அதைக் கவிழ்த்து, கால்முனைகளில் கூரிய ஊசி ஒன்றை அழுத்திப் பார்க்கிறேன். எங்கேனும் ஊசி எளிதாக இறங்கினால் அங்கே மக்கல் தொடங்கிவிட்டதென்று பொருள். இதுவரை இறங்கவில்லை. சென்ற ஆண்டு பெருங்காற்றில் ஒரு கிளை முறிந்து விழுந்து, நடு ரீப்பர் ஒன்று உடைந்தது. முதலில் செய்தபோதே அதே உத்தரக் கட்டையிலிருந்து நான்கு ரீப்பர்களைக் கூடுதலாக அறுத்து, துளையும் போட்டு, தச்சர் கொடுத்துவைத்திருந்தார். கீழிருந்து ஆறு திருகாணிகளைக் கழற்றி, உடைந்ததை உருவி, புதியதை நைலான் வாஷர்களோடு பொருத்தி முடுக்கக் கால் மணி நேரம்தான் ஆயிற்று. சாம்பல்நிற ரீப்பர்களுக்கு நடுவே அது மட்டும் சில மாதம் பழுப்பாகத் தெரிந்தது. இன்னும் மூன்று ரீப்பர்கள் கொட்டகையின் பரண்மேல், தட்டையாக, இடையிடையே குச்சி வைத்து அடுக்கியபடி இருக்கின்றன.